கொளுக்கியில் மாட்டிய காற்று



எமது வானொலியின் மாதாந்த உரை வரிசையில் கோடைகால விளையாட்டுகள் பற்றிப் பேசியபோது, கடைசிப் பத்து நிமிடங்களில் வின்ட்சேர்ஃபிங் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியிருந்தேன். அந்த நாலு வார்த்தைக்குத்தான் அதிகமான தொலைபேசி அழைப்புகள் வந்தன. எம்மவரின் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தோடும் கராத்தேயோடும் நின்றுவிடாமல், பலகையின் மேல் பாய் கட்டிக்கொண்டு கடலுக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கும் விளங்கியது.

அழைத்தவர்களில் ஒரு தாய் கேட்ட கேள்வி மனதில் நின்றுவிட்டது. "அண்ணை, மகள் ரிங்கோபிங் பியோர்ட்டிலை பழகப் போறாள். இப்ப தனக்கு ஒரு பெல்ட் வேணுமாம், பாயோடை தன்னைக் கட்டுறதுக்கு. தண்ணிக்கை ஆளைக் கட்டிப்போட்டால் பிறகு எப்பிடித் தப்புறது?" அவருடைய குரலில் இருந்த பயம் டென்மார்க்கில் பிறந்த பயமல்ல. கடலில் போய்த் திரும்பாதவர்கள் இல்லாத கரையோரக் குடும்பம் எமது ஊர்களில் எத்தனை இருக்கிறது?

ஆகவே இம்முறை அந்தப் பெல்ட்டின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ஹார்னஸ். பிள்ளைகள் இங்கே கடையில் 'ட்ரப்பேஸ்' என்றுதான் கேட்பார்கள். தாயின் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹார்னஸ் ஆளைப் பாயோடு கட்டுவதில்லை. இடுப்பிலே ஒரு கொளுக்கி இருக்கும். பாயைப் பிடிக்கும் வளைந்த கம்பிலே, அதைப் 'பூம்' என்பார்கள், இரு பக்கமும் ஒவ்வொரு கயிறு தொய்வாகத் தொங்கும். பூமைத் தன் பக்கம் இழுத்தால் கயிறு கொளுக்கிக்குள் ஏறும். மறுபடி இழுத்துக் கயிறு தொய்ந்தால் தானாகக் கழன்றுவிடும். முடிச்சும் இல்லை, பூட்டும் இல்லை. இந்த எளிமைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் எடுத்தன. எதைத் தெரிவு செய்வது என்பதற்கான விடையும் அந்த ஆண்டுகளின் கதைக்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்தச் சொல். டெனிஷ்காரரும் ஜேர்மனியரும் ஒல்லாந்தரும் இதைச் சர்க்கஸ் ஊஞ்சலின் பெயரால் அழைப்பதற்குக் காரணம், இது பாய்ப்படகுகளில் இருந்து வந்த பொருள். காற்று ஒரு பக்கமாகப் பாயைச் சாய்க்கும்போது படகு கவிழாமல் இருக்க, ஓட்டுபவர் மற்றப் பக்கம் உடம்பை வெளியே சாய்க்கவேண்டும். 1930களில் இங்கிலாந்தில் சிலர், பாய்மரத்தின் மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, அதை இடுப்புப் பட்டியில் மாட்டி, படகின் விளிம்பில் கால் வைத்து முழு உடம்பையும் தண்ணீருக்கு மேல் நீட்டிப் பார்த்தார்கள். 1938 இல் பீற்றர் ஸ்கொட்டும் ஜோன் வின்ரரும் இந்த உத்தியோடு பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் கிண்ணப் போட்டியில் வென்றார்கள். தென்துருவப் பயணத்தில் இறந்த கப்டன் ஸ்கொட்டின் மகன்தான் இந்தப் பீற்றர் ஸ்கொட். பிற்காலத்தில் உலக வனவிலங்கு நிதியத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். வென்ற கையோடு அந்தப் படகு வகுப்பில் இந்த உத்தி தடைசெய்யப்பட்டது. புதிதாக ஒன்று வந்து அது நன்றாகவும் வேலை செய்தால் சங்கங்கள் என்ன செய்யும் என்பது எம்மவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உடம்பின் பாரத்தால் காற்றை நிமிர்த்தும் வித்தையை இங்கிலாந்தில்தான் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பாக்குநீரிணைப் பாய்வள்ளங்களில் குறுக்கே ஒரு பலகையை வெளியே நீட்டி அதில் ஆட்கள் ஏறி இருப்பார்கள். இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஓடிய ஒருவா வள்ளங்களில், புறமிதவைக் கம்பில் எத்தனை பேர் ஏறவேண்டியிருக்கிறது என்பதை வைத்துக் காற்றையே 'ஒரு ஆள் காற்று', 'இரண்டு ஆள் காற்று' என்று அளந்ததாக வெளிநாட்டுப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து காற்றை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இனிப் பலகைக்கு வருவோம். 1967 இல் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக் என்ற விமானப் பொறியியலாளர், பலகையில் பாய்மரத்தை அசையாமல் நடாமல், எப்பக்கமும் வளையக்கூடிய மூட்டு ஒன்றின் மேல் நிறுத்தினார். அவரும் ஹொய்ல் ஷ்வைட்சர் என்ற வணிகரும் 1968 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1970 இல் பெற்றார்கள். இதே யோசனை வேறு ஆட்களுக்கும் வந்திருந்தது. 1958 இல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீற்றர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் இப்படி ஒன்றைச் செய்து ஓடியதும், 1965 இல் நியூமன் டார்பி என்ற அமெரிக்கர் ஒரு சஞ்சிகையில் தன் பலகை பற்றி எழுதியதும் பின்னாளில் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டு, 1980களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் அந்தக் காப்புரிமையே செல்லாமற்போனது. அது தனிக் கதை.

டிரேக்கின் மூட்டில் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அந்தப் பாய்மரத்தை நிமிர்த்தி வைத்திருப்பது மனிதனின் இரண்டு கைகள் மட்டுமே. கையை விட்டால் பாய் தண்ணீரில் விழும். விழுந்தால் காற்றுக்குப் பிடிக்க எதுவும் இல்லை, பலகை நின்றுவிடும். படகில் காற்று மிஞ்சினால் கயிற்றை அவிழ்க்கவேண்டும், பாயைச் சுருட்டவேண்டும். இங்கே விரல்களைத் திறந்தால் போதும். இந்த விளையாட்டின் பாதுகாப்பு முழுவதும் 'விடு' என்ற ஒரு சொல்லில் இருந்தது.

பாதுகாப்பு இருந்த அதே கையில்தான் சிக்கலும் இருந்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அதன் விசை நான்கு மடங்காகும். இலேசான காற்றில் ஒரு மணித்தியாலம் நிற்கக்கூடியவர், பலத்த காற்றில் சில நிமிடங்களில் முன்கை மரத்துப்போய் விரல் மடங்காமல் கரைக்கு வந்துவிடுவார். கால்கள், முதுகு எல்லாம் பலமாக இருந்தும் பிடி தளர்ந்துவிடும். கிணற்றில் கையால் தண்ணீர் இழுத்த ஆட்களுக்கு இது தெரியும். தோள் களைப்பதற்கு முன்னர் விரல் களைத்துவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஹவாயின் ஒஹாகு தீவில் உள்ள கைலுவா என்ற கடற்கரை ஊர். வருடத்தின் பெரும்பகுதி அங்கே வியாபாரக் காற்று வீசும். 1976 இல் 13 வயதில் உலகப் பட்டம் வென்ற ரொபி நைஷ் அந்தக் கரையில் பழகியவர்தான். 1970களின் நடுப்பகுதியில் அந்த ஊர் இளைஞர்கள், படகோட்டிகளின் இடுப்புப் பட்டியைத் தங்கள் தேவைக்கு மாற்றினார்கள். படகில் கம்பி பாய்மரத்திலிருந்து வரும். பலகையிலோ பாய்மரமே ஆடிக்கொண்டிருக்கிறது. ஆகவே கயிற்றைப் பூமிலே கட்டி, கொளுக்கியை நெஞ்சிலே வைத்தார்கள். இனிப் பாயின் இழுவையை விரல்கள் தாங்கவேண்டியதில்லை, உடம்பின் பாரம் தாங்கும். கை திசை காட்டினால் போதும். 1977 இல் அதே கைலுவாக் கூட்டத்தைச் சேர்ந்த லரி ஸ்ரான்லி பலகையில் காலை நுழைக்கும் பட்டிகளையும் பொருத்தினார். இந்த இரண்டும் சேர்ந்ததும், குளத்தில் ஓடிய விளையாட்டு பேரலைகளுக்குப் போனது. 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் நுழைந்துவிட்டது.

அந்த முதல் ஹார்னஸ் நெஞ்சுச் சட்டை போன்றது. தோளிலே இரண்டு பட்டி, முதுகிலே பொருள் வைக்கப் பை. பார்த்தால் பள்ளிக்கூடப் பையை மறுபக்கம் திருப்பிப் போட்டது போலிருக்கும். அதன் குறைகள் சீக்கிரமே வெளியே வந்தன. கொளுக்கி நெஞ்சிலே இருந்ததால் இழுவை தோளுக்கும் விலாவுக்கும் போனது. உடம்பின் பாரம் கூடுதலாக இருப்பது இடுப்பில். நெஞ்சிலே இழுபட்டால் இடுப்பு பின்னுக்குப் போய், முதுகு வளைந்து, மாலையில் நாரி நோவோடுதான் வீட்டுக்குப் போகலாம். பட்டிகள் இரண்டு பக்கமும் விலாவை நெரித்தன. அதற்குத்தான் பின்னர் 'ஸ்ப்ரெடர் பார்' என்ற குறுக்குக் கம்பி வந்தது. பட்டிகளை அது அகட்டிப் பிடித்து, நெரிப்பதை நிறுத்தியது.

1980களில் கொளுக்கி படிப்படியாகக் கீழே இறங்கியது. மலையேறுபவர்கள் அணிவதுபோல் தொடைக்குள்ளால் பட்டி வரும் இருக்கை ஹார்னஸ் வந்தது. அதில் கொளுக்கி தொப்புளுக்குக் கீழே இருக்கும், கதிரையில் இருப்பதுபோல் பாரத்தை அதில் இறக்கலாம். ஆனால் அலையில் துள்ளுபவர்களுக்கும் சுழல்பவர்களுக்கும் அது காலைக் கட்டிய மாதிரி இருந்தது. அவர்கள் தொடைப் பட்டி இல்லாத அகலமான இடுப்பு ஹார்னஸுக்குப் போனார்கள். நெஞ்சு வகை அநேகமாக மறைந்தே போயிற்று. இன்றும் கடையில் உங்கள் முன் இருக்கும் பெரிய தெரிவு இந்த இரண்டுக்கும் இடையில்தான், இருக்கையா இடுப்பா என்று.

தெரிவுக்குப் போக முன்னர், எமது டென்மார்க் கரையோடு சேர்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1986 நவம்பரில் கிழக்கு ஜேர்மனியின் ஹிடென்சே தீவிலிருந்து இரண்டு இளைஞர்கள், தாங்களே இரகசியமாகச் செய்த பாய்ப்பலகைகளில் பால்டிக் கடலைக் கடந்து தப்பினார்கள். இலக்கு டென்மார்க்கின் மோன் தீவு. நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்கு மேல். கரை முழுவதும் எல்லைக் காவலரின் கண்காணிப்பு, குளிர்காலத் தொடக்கத்துத் தண்ணீர். பாயை விடாமல் மணிக்கணக்கில் பிடித்திருக்கவேண்டிய தூரம். இருவரும் உயிரோடு டென்மார்க் வந்துசேர்ந்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு கணம் கை நின்றுவிட்டது. அதே 1980களின் நடுப்பகுதியில்தான் எம்மில் எத்தனையோ பேர் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்றிக் ஸ்ட்ராச நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குப் போனோம். சிலர் அங்கிருந்து இந்த நாட்டுக்கும் வந்தோம். எம்மைக் கேள்வி கேட்காமல் மேற்கே போகவிட்ட அதே அரசு, தன் சொந்தப் பிள்ளைகளைப் போகவிடவில்லை. 1986 ஒக்டோபர் 1 முதல், போகும் நாட்டின் விசா இல்லாதவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. அடுத்த மாதம் அந்த நாட்டு இளைஞர்கள் இருவர் பலகையில் புறப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கியூபாவின் வரதேரோவிலிருந்து 17 வயதுப் பையன் ஒருவனும் இப்படியே புளோரிடாவை நோக்கிப் புறப்பட்டு, வழியில் ஒரு சரக்குக் கப்பலால் காப்பாற்றப்பட்டான். எமது பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளையாடும் பொருளில், வேறு சிலர் உயிரைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சரி, இனிக் கடைக்குப் போவோம்.

பழகத் தொடங்கும் பிள்ளைக்கும், தட்டையான தண்ணீரில் பெரிய பாயோடு நேராக ஓட விரும்புபவருக்கும், முதுகு நோவுள்ள பெரியவர்களுக்கும் இருக்கை ஹார்னஸ் நல்லது என்பது என் கருத்து. இழுவை தாழ்வாக இருக்கும், மேலே ஏறாது. அலை, துள்ளல் என்று போகிறவர்கள் இடுப்பு வகையைத்தான் விரும்புவார்கள். ஆனால் 10, 12 வயதுப் பிள்ளைகளுக்கு இடுப்பு வகையை வாங்கிக் கொடுக்க அவசரப்படவேண்டாம். அந்த வயதில் இடுப்பெலும்பு அகன்றிருக்காது, பட்டிக்கு நிற்க இடமிருக்காது. என் மகனுக்கு அவன் பழகிய இடத்தில் இரவல் கொடுத்தது பெரியவர் ஒருவரின் இடுப்பு ஹார்னஸ். இரண்டு தரம் சாய்ந்ததும் அது கமக்கட்டுக்கு வந்து நின்றது. பிள்ளை அதற்குள் முகத்தைத் தேடவேண்டியிருந்தது. 'இன்னும் ரெண்டு வருசம் போடலாம்' என்று பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்குவது போல் இதை வாங்கமுடியாது.

அளவு எடுக்கும்போது காற்சட்டை அளவைச் சொல்லக்கூடாது. இடுப்பைச் சுற்றி நாடாவால் அளக்கவேண்டும், கடலுக்குப் போடும் வெட்சூட்டை அணிந்துகொண்டே போட்டுப் பார்க்கவேண்டும். எல்லாப் பட்டிகளையும் நன்றாக இறுக்கிய பின்னர் குறுக்குக் கம்பியின் இரு பக்கமும் பாருங்கள். கம்பிக்கும் ஹார்னஸின் விளிம்புக்கும் இடையில் பட்டி கொஞ்சமாவது தெரியவேண்டும். இடைவெளியே இல்லாமல் விளிம்பு கம்பியில் முட்டி நின்றால் அது பெரிது, தண்ணீரில் நனைந்து இளகியதும் இன்னும் இறுக்க இடமிருக்காது. நல்ல கடைகளில் சுவரிலோ கூரையிலோ ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். கொளுக்கியை அதில் மாட்டி, முழுப் பாரத்தையும் போட்டு ஐந்து நிமிடமாவது தொங்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. விலாவில் குத்துகிறதா, மேலே ஏறுகிறதா, நாரிக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெண்பிள்ளைகளின் இடுப்புக்கு என்று வெட்டிய வகைகளும் இருக்கின்றன. நிறம் பார்த்து அல்ல, தொங்கிப் பார்த்துத் தெரிவு செய்யட்டும்.

உயிர்காப்பு மேற்சட்டையைக் கடைக்குக் கொண்டுபோக மறக்கவேண்டாம். அது நீளமாக இருந்தால் கொளுக்கியை மூடிவிடும், கயிறு ஏறவும் மாட்டாது, கழலவும் மாட்டாது. ஹார்னஸோடு போடுவதற்கென்று கட்டையான மேற்சட்டைகள் இருக்கின்றன.

பூமில் கட்டும் கயிறு தனியாக விற்கப்படும். அதன் நீளமும் பழைய காலத்தைவிட இன்று கூடியிருக்கிறது. அளவுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. முழங்கையை மடித்து, கயிற்றின் வளைவுக்குள் முழங்கையை வையுங்கள். பூம் மணிக்கட்டுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் வந்தால் ஏறத்தாழச் சரி. இருக்கை வகைக்குக் கொளுக்கி கீழே இருப்பதால் கயிறு இன்னும் கொஞ்சம் நீளமாக வேண்டும். குட்டையான கயிறு பாய்க்கு மிகக் கிட்ட இழுத்துவைக்கும், திடீர்க் காற்றில் கழற்றுவதும் கடினம்.

இப்போது அந்தத் தாய் பயந்த விடயம். பயம் முழுக்கப் பிழையானதல்ல. கொளுக்கி மாட்டியிருக்கும்போது பலத்த காற்று திடீரென்று அடித்தால், ஆளைத் தூக்கிப் பாயோடு முன்னால் எறியும். விழுந்து உருளும்போது கயிறு கொளுக்கியைச் சுற்றி முறுகி, பாய்க்குக் கீழே ஆள் அகப்படவும் கூடும். ஆகவே புதிய ஹார்னஸோடு முதல் நாள் ஓடவே வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, மாட்டிக் கழற்றிப் பழகவேண்டும். பூமைத் தன் பக்கம் இழுத்துக் கழற்றுவது ஒன்று. பாய்க்குக் கீழே இருந்துகொண்டு, கண்ணை மூடி, கையால் கொளுக்கியைத் தேடிக் கழற்றுவது மற்றது. குறுக்குக் கம்பியை ஒரே இழுவையில் விடுவிக்கும் பக்கிள் உள்ள ஹார்னஸ்களும் இருக்கின்றன. பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் அப்படியானதைக் கேளுங்கள், குளிரில் விறைத்த விரலால் அது திறபடுகிறதா என்று பிள்ளையையே திறக்கச் சொல்லிப் பாருங்கள். ரிங்கோபிங் பியோர்ட் ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு என்பதால் இந்தப் பயிற்சிக்கு மிகவும் வசதியான இடம். வடக்கே கிளிட்மொல்லரில், 'குளிர் ஹவாய்' என்று சொல்வார்களே, அங்கே அலைக்குள் நின்று இதைப் பழகமுடியாது.

பழைய ஹார்னஸ் வாங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை, பிள்ளைகள் வளரும் வேகத்துக்கு அதுதான் புத்தி. ஆனால் பட்டி கம்பியோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள், தையல் பிரிந்திருந்தாலோ பட்டி மயிர் எழும்பியிருந்தாலோ விட்டுவிடுங்கள். கொளுக்கியின் உட்பக்கம் கயிறு தேய்த்துக் கூராகியிருந்தால் அது புதுக் கயிற்றையும் ஒரு கோடைக்குள் அறுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடவேண்டும். வெய்யிலும் உப்பும் சேர்ந்தால் பட்டியை உள்ளே உக்கவைத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.